ஸ்பிட்பயரின் கடைசிப் பணி

போர் விமான ஆர்வலர் பலர்க்கு ஸ்பிட்பயரே முதற்காதல். மிட்செல் என்னும் பொறியாளர் வகுத்த அவ்விமானம் 1936 மார்ச்சு 5ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. நீள்வட்டச் சிறகின் எழிலும், 1940இல் பிரிட்டனின் வானைக் காத்த வீரமும் அதற்குப் புகழ் தேடித் தந்தன. அப்போரில் பகை விமானங்களை மிகுதியாக வீழ்த்தியது ஹரிக்கேனே. புகழோ அழகின் பக்கம் சாய்ந்தது. உலக வழக்கு அதுதானே!

ஆயினும், அதன் இறுதிக் காதை நிகழ்ந்த இடம் ஐரோப்பா அன்று, நம் மலாயாவே. 1948இல் அவசரகாலம் தோன்றியபோது, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள்மேல் குண்டெறியவும் ஸ்பிட்பயர் ஏவப்பட்டது. பின்னர் ஜெட் விமானங்கள் வரவே, படமெடுக்கும் பணியே அதற்கு எஞ்சியது.

ஈஜோக்கில் என் மாணவர் கேட்பர்: "காட்டைப் படமெடுப்பானேன், ஐயா?" மறைவிடங்களையும் அவற்றைச் சூழ்ந்த பயிர்நிலங்களையும் கண்டறிவதற்கே. அதே ஆண்டுகளில்தான் தோட்டத் தொழிலாளர் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டனர். அரிசியும் அளந்தே வழங்கப்பெற்றது. விமான நூல்கள் சிறகை வியக்கும் அளவுக்கு, அச்சிறகின் கீழிருந்த லயங்களைப் பேசுவதில்லை.

1954 ஏப்ரல் 1ஆம் நாள், சிங்கப்பூர்ச் செலத்தார்த் தளத்து 81ஆம் விமான அணியின் பிஎஸ்888, ஜொகூர்க் காட்டைப் படமெடுத்துத் திரும்பியது. துப்பாக்கி எதுவும் அதில் இல்லை; காமிராக்களே இருந்தன. பிரிட்டிஷ் வான்படையில் ஸ்பிட்பயர் ஆற்றிய கடைசிப் போர்ப்பணி அதுவே. விமானத்தின்மேல் "கடைசி!" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தனர்.