காமாலை என்னும் சொல்லும் 1989ஆம் ஆண்டுத் தடுப்பூசியும்

மலேசியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி 1989ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. எல்லா நாடுகளும் இதனைத் தத்தம் திட்டத்தில் சேர்க்க வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது 1992இல்தான். மருத்துவ வரலாற்றுக்குரிய இந்நிகழ்வைச் சொல் வரலாற்றின் வழியே நாம் இங்கு நோக்குவோம்.

இந்நோயின் நச்சுயிரியைக் கண்டறிந்த பரூக் புளும்பெர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார். பெரியவர்களைத் தொற்றினால் அது பெரும்பாலும் தானே நீங்கிவிடும். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் அது நிலைத்துவிடும். பல்லாண்டு அறிகுறியின்றி இருந்து, பின்னர் கல்லீரலைச் சுருக்கும், புற்றுநோயும் ஆக்கும். முதல் ஊசி பிறந்தவுடன் போடப்படுவது இதனால்தான்.

தமிழர் இந்நோயை அறிந்த பெயர் மஞ்சள் காமாலை. வடமொழிக் 'காமலா'விலிருந்து வந்த காமாலை என்பது நோயின் பெயரன்று, அறிகுறியின் பெயர். 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்னும் பழமொழியும் நிறத்தையே பற்றி நிற்கிறது. பித்தநாளம் அடைபட்டாலும் கண் மஞ்சளாகும். பிறந்த குழந்தைகளிற் பாதிக்கு மேற்பட்டோர்க்கு முதல் வாரத்தில் இயல்பாகவே மஞ்சள் தோன்றும்.

லூபோக் சீனா போன்ற தோட்டப்புறங்களில் மருத்துவச் செய்தி மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்து, டிரஸ்ஸர், தாதி ஆகியோர் வாய்வழியே தமிழாவது வழக்கம். அங்கே இதனைக் 'காமாலை ஊசி' என்று கூறினால், "ஊசி போட்டும் பிள்ளைக்கு மஞ்சள் கண்டதே" என ஒரு தாய் ஐயுறுவது இயல்பு. அது அறியாமையன்று, சொல் காட்டிய பொருளை அவர் சரியாகவே கொண்டார். அவ்வையத்தால் அடுத்த ஊசிகள் தவறினால் இழப்பு குழந்தைக்கே.

காமாலைக்குக் கீழாநெல்லி என்பதும் நம் மரபறிவு. 1988இல் சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், புளும்பெர்க்குடன் இணைந்து, கீழாநெல்லி இந்நச்சுயிரியை நீக்கக்கூடும் என்னும் ஆய்வை வெளியிட்டனர். பின்னர்ப் பிறர் செய்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. மஞ்சள் மறைவதும் நச்சுயிரி நீங்குவதும் ஒன்றல்ல என்பதை நாம் தெளிதல் வேண்டும்.

'கல்லீரல் அழற்சி பி' என்பது பொருந்திய கலைச்சொல். எனினும் விளக்கமின்றி அது வீட்டுக்குள் செல்லாது. 2020இல் நியூமோகாக்கல் தடுப்பூசியும் திட்டத்தில் சேர்ந்துள்ளது. அதனை 'நிமோனியா ஊசி' எனச் சுருக்கினால் அதே இடர் மீளும். நிமோனியாவுக்குக் காரணமான கிருமிகள் பல. ஆசிரியர்கள் நோய்ப்பெயரையும் அறிகுறிப்பெயரையும் பிரித்துக் கற்பித்தால், மாணவர்கள் அவ்வேறுபாட்டைத் தம் பெற்றோர்க்கு எடுத்துரைப்பர்.