எவ்வளவு குருதி போதும்?

1908 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நியூயோர்க் நகரில், சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவருக்குப் பிறந்து சில நாட்களே ஆன பெண் குழந்தை, குருதி கசிந்து இறக்குந் தறுவாயில் இருந்தது. குருதிக் குழாய்களைத் தைத்து இணைக்கும் கலையில் வல்லவரான பிரெஞ்சு நாட்டு அறிஞர் அலெக்சிஸ் கரல் அழைக்கப்பட்டார். தந்தையின் மணிக்கட்டிலுள்ள நாடியைக் குழந்தையின் காலிலுள்ள நாளத்தோடு அவர் இணைத்தார். தந்தையின் குருதி மகளின் உடலிற் பாய்ந்தது. வெளிறிக் கிடந்த மேனி சிவந்தது, குழந்தை பிழைத்தது.

பாய்ந்த குருதி எவ்வளவு என்பதை அளக்க அன்று வழியில்லை. மேனியின் நிறமே அளவுகோலாயிற்று. குழந்தை பிழைத்தமைக்கு நற்பேறும் ஒரு காரணமாகும். வியன்னாவில் லான்ட்ஸ்ரெயினர் குருதி வகைகளை 1901 இல் வெளியிட்டிருந்தார்; எனினும், வகை பொருந்துமா எனச் சோதித்தபின் ஏற்றும் வழக்கம் அப்பொழுது பரவியிருக்கவில்லை. 1914 இல் சித்திரேற்று உப்பைக் கலந்து குருதி உறையாது காக்கும் முறை கைகூடிற்று. அதன்பின் குருதியைப் புட்டியில் எடுத்து அளந்து ஏற்றுதல் எளிதாயிற்று.

வழி திறந்தது, ஆனால், எவ்வளவு ஏற்றுவது என்னும் வினா எஞ்சி நின்றது. குறைமாதக் குழந்தையைப் பொறுத்தவரை இவ்வினா மிகக் கடினமானது. ஒரு கிலோகிராம் நிறையுள்ள குழந்தையின் உடலிலுள்ள முழுக் குருதியும் ஏறக்குறைய 90 மில்லிலீற்றரே. ஒரு சிறு தேநீர்க் கோப்பையளவு எனலாம். புதிய செங்குழியங்களை ஆக்கத் தூண்டும் சுரப்பு அதற்குப் போதாது. சோதனைக்கென அடிக்கடி எடுக்கப்படும் சில துளிகளும் அதற்குப் பேரிழப்பாகும். ஆகவே குருதிச்சோகை அதனை எளிதிற் பற்றுகிறது. குருதியின் தலையாய கடமை ஒட்சிசனை இழையங்களுக்குச் சுமந்து செல்லுதல். சுமப்பது குறைந்தால் மூளை வாடுமோ என்பதே வைத்தியரின் அச்சம்.

அவ்வாறாயின் தாராளமாக வழங்கினால் என்ன? அதே ஒட்சிசனை மூச்சின் வழியே தாராளமாக வழங்கிய காலமொன்று இருந்தது. 1940 களில் குறைமாதக் குழந்தைகள் பலர் பார்வையிழந்தனர். மிகுந்த ஒட்சிசனே காரணமாகலாம் என மெல்பேண் நகர வைத்தியர் கேற் கம்பெல் 1951 இல் சுட்டிக்காட்டினார். அமெரிக்காவில் 1953 இல் தொடங்கிய கூட்டுச் சோதனை அதனை உறுதிப்படுத்திற்று. அதற்கிடையில் உலகெங்கும் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தனர் என மதிப்பிடப்படுகிறது. பின்னர் ஒட்சிசனைக் கடுமையாகக் குறைத்தனர். அதுவும் தீங்காயிற்று. ஒரு குழந்தையின் பார்வையைக் காக்க ஏறக்குறைய 16 குழந்தைகள் உயிரிழந்தனர் எனக் கெனத் குறொஸ் என்னும் பிரித்தானிய அறிஞர் 1973 இல் கணித்தார். மிகையும் குறையும் ஒருங்கே கேடு செய்தன.

இப்பாடம் குருதியேற்றுவோரையும் எச்சரித்தது. 1977 இல் அமெரிக்காவில் யோப்சிஸ் என்னும் ஆய்வாளர், செங்கீழ் ஒளியைச் செலுத்தி உடலைக் கீறாமலே மூளை இழையத்தின் ஒட்சிசன் நிலையை அறியலாம் எனக் காட்டினார். இம்முறையைக் குறைமாதக் குழந்தைகளிடம் கையாண்டபோது, குருதி ஏற்றியபின் மூளையில் ஒட்சிசன் உயர்வது புலனாயிற்று. ஆனால், அந்த உயர்வு குழந்தையின் பிற்கால வாழ்வை உயர்த்துமா?

அதற்கு விடை தேடிய பேராய்வொன்றின் முடிவு 2020 இல் வெளியாயிற்று. 1,000 கிராமுக்கு மேற்படாத நிறையுடன் பிறந்த 1,824 குழந்தைகள் அதில் இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். மூச்சுத்துணை பெறுவோர்க்கு முதல் வாரத்தில், 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் ஒரு பிரிவில் 13 கிராமுக்கும், மற்றதில் 11 கிராமுக்கும் குறைந்தபோது குருதி ஏற்றப்பட்டது. ஏறக்குறைய ஈராண்டு வயதளவிற் பார்த்தபோது, இறப்போ வளர்ச்சிக் குறைபாடோ கண்டவர் முற்பிரிவில் நூற்றுக்கு 50.1, பிற்பிரிவில் 49.8. மிகுதியாக ஏற்றியமை நன்மை தரவில்லை. அந்தக் கீழெல்லைக்கும் கீழே விடலாம் என்பது இதன் பொருளன்று.

தந்தையின் நாடியிலிருந்து அளவின்றிப் பாய்ந்த குருதி 1908 இல் ஒரு குழந்தையைக் காத்தது. அன்பு அங்கே குறைவறப் பெருகிற்று. அந்த அன்புக்கு அளவறியும் அறிவைத் துணையாக்க நூறாண்டுக்கு மேலாயிற்று. அவ்வறிவின் பெரும்பகுதி, தம் பெயரையும் கூற அறியாத பச்சிளங் குழந்தைகள் ஈந்த கொடையாகும்.