அச்சேறிய பிறகு வந்த சொற்கள்

உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு எங்கள் ஊர்ச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கிய நாட்களில்தான் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். அகராதி என்றால் நாலு பண்டிதர் உட்கார்ந்து எழுதி முடித்து, ஒரு நாளில் வெளியிடுவது என்றுதான் அதுவரை நினைப்பு.

அது அப்படி வரவில்லை. 1884இல் 352 பக்கத்தில் முதல் பகுதி. 'ஏ' எழுத்துக்கூட அதில் முடியவில்லை. கடைசிப் பகுதி வர 1928 ஆயிற்று. ஒரு பகுதி வாசகர் கையில் இருக்க, அடுத்தது இன்னும் துண்டுத் தாள்களாகவே கிடந்தது. இந்த இடைவெளியைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மறே நன்றாகப் பயன்படுத்தினார். 1879இலேயே ஆங்கிலம் வாசிக்கும் எல்லாரிடமும் உதவி கேட்டு வேண்டுகோள் விடுத்தவர், பிறகு வரவிருக்கும் சொற்களைப் பட்டியலிட்டு, 'இதைவிடப் பழைய மேற்கோள் உண்டா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில்கள் தபாலில் குவிந்தன. ஒருகாலத்தில் காசியில் சமஸ்கிருதம் கற்பித்த ஃபிட்ஸெட்வர்ட் ஹோல், சுமார் இருபது வருடம் சம்பளமில்லாமல் அச்சுப்படிகளைத் திருத்திக் கொடுத்தார். இப்படி ஒரு மனுசன் கிடைப்பது லேசா?

ஆனால் அச்சேறிய எழுத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஊர்ப்பெயரிலிருந்து பிறந்த சொற்கள் வேண்டாமென்று 'ஆபிரிக்கன்' என்பதை விட்டுவிட்டார்கள். 'அமெரிக்கன்' வந்தபோது அந்த விதி சரிவராது என்று தெரிந்து அதைச் சேர்த்தார்கள். இரண்டும் ஒரே பகுதிதான். ஆனால் ஆபிரிக்கன் தாண்டிப் போயிருந்தான். 'அடிமைப்பெண்' என்று பொருள்படும் 'பொண்ட்மெய்ட்' வேறு மாதிரி: அதன் தாள்களே தொலைந்துபோயின. அது 1933 பின்னிணைப்பில்தான் இடம்பிடித்தது. யாருடைய பெயர்கள் வெளியே நின்றன என்று பாருங்கள்.

நாங்களும் பகுதி பகுதியாகப் போட்டோப்பிரதி எடுத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். 'சஹன்: பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு' என்று நான்தான் எழுதியிருந்தேன். ஒரு பிள்ளையின் உம்மும்மா சொல்லி அனுப்பினா: "சஹன் எண்டா தட்டு மட்டுமா சேர்? கலியாணத்துக்கு எத்தின சஹன் எண்டு கேக்கிறல்லியா? ஆறு பேருக்கு ஒரு சஹன். அது கணக்கு."

தமிழ்ச் சிறப்புப் பட்டம் பெற்ற எனக்கு அது தோன்றவில்லை. சகர வரிசை ஏற்கெனவே பிரதியாகிப் போயிருந்தது. பிள்ளைகள் துண்டுத் தாளில் எழுதி, ஒவ்வொரு பிரதியிலும் பசை போட்டு ஒட்டினார்கள். பகர வரிசையை இப்போது எடுக்கவில்லை. முதலில் உம்மும்மாமாரிடம் வாசித்துக் காட்டப் போகிறோம்.