மலைமேல் திருமேனி, ஊரார் ரட்சை

சுருளிப்பட்டியின் திராட்சைத் தோட்டங்களைக் கடந்து, கம்பம் வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர் உத்தமபாளையத்தை அடைவர். அங்குக் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையின் முகப்பில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. உடனுள்ள வட்டெழுத்துப் பொறிப்புகளில் அச்சணந்தி அடிகளின் பெயரும் உண்டு. ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன், பாண்டிய நாட்டு மலைகள்தோறும் சென்று திருமேனிகளைச் செய்வித்த பெருந்தகை அவர். யானைமலை, அழகர்மலை, ஐவர்மலை, கருங்காலக்குடி ஆகிய இடங்களிலும் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. கீழக்குயில்குடிச் சமணர் மலையில் அவருடைய தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஒன்றும் இருக்கிறது.

இத்திருமேனிகள் எவையும் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோகத் தக்கவை அல்ல. மலை நிற்கும்வரை நிற்பவை. ஆதலால் இவற்றைக் காப்பது பற்றிய பேச்சு, மலையைக் காப்பது பற்றிய பேச்சாகவே முடியும். இதனை அக்காலத்தவர் அறிந்திருந்தனர் என்பதற்கு மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் சான்று கிடைக்கிறது. அங்குள்ள திருப்பிணையன்மலையில் அமர்ந்த நிலைத் தீர்த்தங்கரர் ஒருவரைப் பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அச்சணந்தி செய்வித்தார். கல்வெட்டு அத்துடன் நிற்கவில்லை. அத்திருமேனி பாதிரிக்குடியாரின் 'ரட்சை' என்றும் கூறுகிறது. செய்வித்தவர் துறவி, எவர் பேரால் செய்யப்பட்டதோ அவர்கள் கணக்கு எழுதுவோர், காக்கும் பொறுப்போ ஓர் ஊர் மக்களுக்கு. யானைமலைக் கல்வெட்டுகளிலும் இச்சொல் வருகிறது. கலைப்படைப்பு ஒன்றைப் படைத்த கையோடு அதன் காவலையும் எழுதி வைத்த வழக்கம் இது. பிற்கால வரலாற்றில் இதற்கு ஈடு காண்பது அரிது.

அந்தப் பழைய சொல்லுக்குப் புதிய பொருள் கிடைத்தது 2009-இல். மதுரையை அடுத்த யானைமலையில் சிற்ப நகரம் ஒன்றை அமைக்கும் திட்டம் அவ்வாண்டு பேசப்பட்டது. சிற்பக்கலையின் பெயராலேயே சிற்பங்கள் நிறைந்த மலையில் கை வைக்க நினைத்தது வேடிக்கைதான். ஒத்தக்கடை, நரசிங்கம் ஊர்களின் மக்கள் எதிர்த்து எழுந்தனர், திட்டம் கைவிடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2010-இல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 'பசுமை நடை' என்னும் அமைப்பைத் தொடங்கினார். ஆசிரியர், மாணவர், வணிகர், இல்லத்தரசியர் எனப் பலரும் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளுக்கு நடந்து சென்றனர். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் பாறையருகே நின்று கல்வெட்டுகளுக்கு விளக்கம் கூறினர். சிற்பத்தைக் காண வந்தவர் கண்ணில் சுனையும் பட்டது. சுனையிலிருந்து கண்மாய்க்கு நீர் இறங்கும் வழியும் பட்டது. எதிர்க் குன்றை அறுத்த கிரானைட் குவாரியும் பட்டது.

அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சார்ந்த 193 எக்டேர் நிலத்தைத் தமிழ்நாடு அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. ஈராண்டுகளில் அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஒன்றிய அரசு ஏலம் விட்டது. நாயக்கர்பட்டித் தொகுதி என்று பெயரிடப்பட்ட அதன் பரப்பு 2015 எக்டேர். 2024 டிசம்பரில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை நோக்கிப் பேரணியாக வந்தனர். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து செய்யப்பட்டது.

சிற்பங்களே மலையைக் காத்தன என்று சொல்வது மிகைக் கூற்று. வயலும் கண்மாயும் போய்விடும் என்ற அச்சமே உழவரைத் தெருவுக்கு அழைத்து வந்தது. ஆயினும் அவ்விடத்தை வெறும் பாறை நிலம் என்று எவராலும் வாதிட முடியாமற்போனதற்குக் கற்படுக்கைகளும் திருமேனிகளும் காரணம். வல்லூறுகளைக் கணக்கெடுத்த பறவை ஆர்வலர்க்கும் கண்மாயைக் காட்டிய உழவர்க்கும் இடையே, நாளிதழ் படிப்போர் அனைவர்க்கும் விளங்கும் மொழியாகக் கலை நின்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கீழவளவில் சமணச் சிற்பங்கள் உள்ள பஞ்சபாண்டவர் மலை நிற்கிறது. அவ்வட்டாரத்துப் பாறைகளோ கிரானைட்டுக்காக அறுக்கப்பட்டன. உளி படாத குன்றுக்குச் சான்று சொல்ல எவரும் இல்லை. மண்ணையும் கல்லையும் ஓரறிவு உயிர்களாக, பிருதிவி காயமாகக் கொண்ட ஆகம மரபுக்கு இவ்வேறுபாடு உடன்பாடானதன்று. தேனி மாவட்டத்திலேயே பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகம் பற்றிய வாதத்தில் சிற்பத்திற்கு இடமிருக்கவில்லை; புலிகளின் வழித்தடமும் காடும் நீருமே பேசப்பட்டன. 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் மாநில அரசு அத்திட்டத்தை எதிர்த்ததும் அந்த அடிப்படையில்தான்.

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்று பெரும்பாலும் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் வாழ்கின்றன. பாண்டிய நாட்டு மலைத் திருமேனிகளுக்கு அருகே விளக்கேற்றிப் பொங்கலிடுவோர் கருப்பணசாமியையும் அய்யனாரையும் வழிபடும் ஊர் மக்கள். கல்வெட்டு குறித்த பாதிரிக்குடியாரின் இடத்தில் இப்போது அவர்களே இருக்கின்றனர். 2025 ஜனவரியில் மதுரைச் சாலையில் நடந்தவர்களும் அவர்களே.