தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் உரிமை இயக்கம்

முதுகெலும்புக்குள் செல்லும் தண்டுவடம் சிதைந்து, கை கால் இயக்கத்தையும் உணர்வையும் இழந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய சட்டங்களையும் அரசு உதவிகளையும் கேட்டுப் பெற நடத்திவரும் இயக்கம். சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுதல், போர்க்காயம், கட்டி, முதுகெலும்புக் காசநோய் ஆகியவை இப்பாதிப்பின் முக்கியக் காரணங்கள். உலகில் ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர் வரை இதற்கு ஆளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2013 அறிக்கையில் கணித்தது. அவர்கள் இளவயதில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு அதிகம் என்றும் அந்த அறிக்கை கூறுகிறது.

கழுத்துப் பகுதியில் காயம் பட்டால் கைகளும் கால்களும் செயலிழக்கும். அதற்குக் கீழே பட்டால் கால்கள் மட்டும். வெளியார் கண்ணில் படுவது சக்கர நாற்காலிதான். ஆனால் பாதிக்கப்பட்டவரின் நாளை ஆள்வது சிறுநீர்ப்பையும் தோலும். பலருக்குச் சிறுநீர் தானாகப் பிரியாது. ஒரு நாளில் பல முறை குழாய் செருகி எடுக்க வேண்டும். தவறினால் தொற்று சிறுநீரகம்வரை போகும். உணர்வற்ற இடுப்பில் ஒரே பக்கமாக அழுத்தம் தொடர்ந்தால் சில மணி நேரத்திலேயே படுக்கைப்புண் தொடங்கிவிடும். காற்று மெத்தை, சிறுநீர்க் குழாய், உதவியாளர், அகலமான குளியலறைக் கதவு என்று இந்த இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியல் எங்கும் வீட்டுச் சாமான் கணக்கைப் போலவே இருப்பதற்கு இதுவே காரணம்.

தொடக்க வரலாறு

முதல் உலகப் போரில் தண்டுவடக் காயம் பட்ட வீரர்களில் பெரும்பாலோர் ஓராண்டுகூடத் தாண்டவில்லை. உயிரோடு இல்லாதவர்களுக்கு இயக்கம் ஏது? சல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனையில் டொனால்டு மன்றோ 1936இலேயே தனிப் பிரிவு அமைத்திருந்தார். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 பிப்ரவரியில் லுட்விக் குட்மன் தொடங்கிய பிரிவில், இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைத்தனர். 1948 ஜூலை 29 அன்று அந்த மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் கலந்துகொண்ட வில்வித்தைப் போட்டியே பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது.

குட்மனை இயக்கத்தின் தந்தை என்று எழுதுவது வழக்கம். மருத்துவத்துக்கு அது பொருந்தும். உரிமை இயக்கத்துக்குப் பொருந்தாது. அது பிறந்த இடம் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் படுக்கைக்கூடங்கள். இரண்டாம் உலகப் போரிலிருந்து சுமார் 2,500 அமெரிக்க வீரர்கள் கால்கள் செயலிழந்து உயிருடன் திரும்பினர். ஒரே வயதினராகவும் ஒரே சிக்கலோடும் மாதக்கணக்கில் அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்த அவர்கள், மருத்துவமனை வாரியாகச் சங்கம் சேர்ந்தனர். கலிபோர்னியாவின் பர்மிங்ஹாம் மருத்துவமனையில் 1946இல் ‘பாராப்ளீஜியா நியூஸ்’ என்ற ஏட்டைத் தொடங்கினர். 1947 பிப்ரவரியில் இக்குழுக்கள் ‘பாரலைஸ்டு வெட்டரன்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற தேசிய அமைப்பாக இணைந்தன. மார்லன் பிராண்டோ நடித்த முதல் படமான ‘தி மென்’ (1950) பர்மிங்ஹாம் மருத்துவமனையில் எடுக்கப்பட்டது. உண்மையான நோயாளிகளும் அதில் நடித்தனர்.

அவர்கள் கேட்டது பதக்கமோ பாராட்டோ அல்ல. கால் இழந்தவர்களுக்கும் கால் செயலிழந்தவர்களுக்கும் 1,600 டாலர்வரை கார் வாங்கித் தரும் சட்டம் 1946இல் வந்தது. ஆனால் மருத்துவமனையிலிருந்து காரில் வந்தாலும் வீட்டு வாசல்படி ஏற முடியவில்லை. ஏறினாலும் கழிவறைக் கதவுக்குள் நாற்காலி நுழையவில்லை. இதை எடுத்துச்சொல்லி வாதாடியதன் பயன் 1948 ஜூனில் நிறைவேறிய 702ஆம் எண் சட்டம். சக்கர நாற்காலிக்கு ஏற்ற வீட்டின் செலவில் பாதியை, 10,000 டாலர் உச்சவரம்புக்குள், அரசு ஏற்றது. உடல் குறையை அல்ல, கட்டடத்தைத் திருத்த அரசு பணம் தருவது என்ற கொள்கைக்கு இது முன்னோடி. அதே ஆண்டு, படைவீரர் அல்லாதவர்களுக்காகத் தேசிய பாராப்ளீஜியா அறக்கட்டளையையும் அவர்களே தொடங்கிவைத்தனர். பிரிட்டனில் பாதிக்கப்பட்டோரே நடத்தும் சங்கம் உருவாக 1974 ஆயிற்று. குதிரையிலிருந்து விழுந்து கால் இயக்கம் இழந்த மாஷம் சீமாட்டி அதன் நிறுவனர்.

போக்குவரத்து வழக்குகள்

வீட்டுக்கு அடுத்தது பயணம். வாஷிங்டன் மெட்ரோ ரயிலில் மின்தூக்கி கேட்டு 1970களில் அமெரிக்கப் படைவீரர் சங்கமும் பிறரும் தொடுத்த வழக்கு வென்றது. 1976 மார்ச்சில் ரயில் ஓடத் தொடங்கியபோது, மின்தூக்கி இல்லாத காலரி பிளேஸ் நிலையம் பூட்டியே கிடந்தது, டிசம்பரில்தான் திறந்தது. விமானங்களில் கதை வேறு. அரசுப் பணத்தை நேரடியாகப் பெறாத விமான நிறுவனங்களை ஏற்கெனவே உள்ள பாகுபாட்டுத் தடைச் சட்டம் கட்டாது என்று 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சங்கம் நாடாளுமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு விமானப் பயண உரிமைச் சட்டம் வந்தது. 1990இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இவை அனைத்துக்கும் மகுடம்.

நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தபின், இயக்கத்தில் குணப்படுத்தும் ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும் குரல் ஓங்கியது. அவர் எழுந்து நடப்பதுபோலக் கணினியில் செய்து 2000இல் ஒளிபரப்பிய விளம்பரத்தைப் பாதிக்கப்பட்டோர் பலரே கண்டித்தனர். ஆராய்ச்சி தேவைதான், ஆனால் இன்றுவரை நோயாளியின் ஆயுளை நீட்டியவை குழாயும் மெத்தையும் சாய்தளமுமே.

இந்தியா

இந்தியாவில் வேலூரே தொடக்கம். கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் கால் இயக்கத்தை இழந்தார். நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். பாகாயத்தில் 1966இல் திறந்த மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பு. படைவீரர்களுக்கென புனே அருகே கிர்க்கியில் 1974இல் மையம் ஏற்பட்டது. எவரெஸ்ட் ஏறிய அதே 1965இல் போரில் தண்டுவடக் காயமுற்ற மேஜர் அலுவாலியா, டெல்லியில் இந்தியத் தண்டுவடக் காய மையத்தை நிறுவினார். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தவர். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். இங்கு முன்னோடிகள் கட்டியவை பெரிதும் மருத்துவமனைகளும் சேவை நிலையங்களும். சட்டம் கேட்கும் சங்கங்கள் பின்னால் வந்தன.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1995இல் வந்தது, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007இல் ஏற்றபின் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2016 சட்டம் இயற்றப்பட்டது. ரயிலில் ஏற வசதி கேட்டு 2017இல் சக்கர நாற்காலியில் இயங்கும் விராலி மோடி நடத்திய பரப்புரைக்குப் பின் கேரள நிலையங்கள் சிலவற்றில் கையில் எடுத்துச்செல்லும் சாய்தளங்கள் வந்தன. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருத்தல் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரும் வழங்கப்படுகின்றன. சென்னையில் 2024 முதல் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. இலங்கையின் வட மாகாணத்தில் போரில் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் மாங்குளத்தை இருப்பிடமாகக் கொண்ட உயிரிழை அமைப்பில் திரண்டுள்ளனர்.

இந்தியாவின் 2016 சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்கிறது. அவற்றுள் தண்டுவடக் காயம் தனிப்பெயராக இல்லை. இயக்கக் குறைபாட்டுக்குள் அடக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இயக்கக் குறைபாடு என்ற ஒரே கட்டத்தில்தான் எண்ணியது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் நாட்டில் எத்தனை பேர் என்பதற்கு அதில் விடை இல்லை.