40 நிமிட மேட்ச்... வாரக்கணக்கில் எபிசோடு! ஸ்போர்ட்ஸ் அனிமே ஜவ்வாக இழுப்பது ஏன்?

பந்து கையை விட்டுப் போயாச்சு. கூடைக்குள் விழுமா, விழாதா? அதற்குள் ஒரு ஃபிளாஷ்பேக், எதிரணி கேப்டனின் மைண்ட் வாய்ஸ், கேலரியில் இருப்பவர் கொடுக்கும் விளக்கம்... பந்து இன்னும் காற்றிலேயே நிற்கிறது. எபிசோடு முடிந்து பாட்டும் வந்துவிடுகிறது!

ஸ்போர்ட்ஸ் அனிமே பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கடுப்பு தெரியும். 90களின் பிரபலமான பேஸ்கட்பால் அனிமே 'ஸ்லாம் டங்க்' இதற்குச் சரியான உதாரணம். இந்த இழுவை அந்தத் தொடரின் கிளைமாக்ஸையே காவு வாங்கியது. எப்படி? வாங்க பார்க்கலாம்.

ஃபில்லர் என்றால் என்ன?

பெரும்பாலான அனிமே தொடர்கள் மாங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸில் இருந்து உருவாகின்றன. மாங்காவில் இல்லாமல், டிவிக்காகவே சேர்க்கப்படும் கதைதான் ஃபில்லர். அதைப் பார்க்காமல் விட்டாலும் மெயின் கதை புரியும்.

ஏன் சேர்க்கிறார்கள்?

கணக்கு சிம்பிள். வார இதழில் ஒரு மாங்கா அத்தியாயம் சுமார் 20 பக்கம் வரும். ஒரு டிவி எபிசோடுக்கு பொதுவாக இரண்டு, மூன்று அத்தியாயங்கள் தேவை. இரண்டும் வாராவாரம் வந்தால், அனிமே சீக்கிரமே மாங்காவை எட்டிப் பிடித்துவிடும். டிவியில் கிடைத்த நேரத்தையும் காலியாக விட முடியாது. அதனால் இரண்டே வழிதான்: ஒன்று புதுக்கதை சேர்ப்பது, இன்னொன்று இருக்கும் கதையை இழுப்பது.

ஸ்போர்ட்ஸ் அனிமேவுக்கு மட்டும் என்ன சிக்கல்?

சாகசக் கதை என்றால் ஹீரோவை நடுவில் வேறொரு தீவுக்கு அனுப்பிவிட்டு, பத்து வாரம் கழித்துத் திரும்பக் கூட்டி வரலாம். விளையாட்டுக் கதையில் அது கஷ்டம். போட்டி அட்டவணை, ஸ்கோர், யார் ஜெயிப்பார்கள் என எல்லாமே மாங்காவில் முடிவாகி இருக்கும். நடுவில் புது மேட்ச் வைத்தால் அதன் ரிசல்ட்டால் எதுவும் மாறக் கூடாது. ரிசல்ட்டுக்கு மதிப்பே இல்லாத மேட்சை யார் பார்ப்பாங்க?

அதனால்தான் பல தொடர்கள் மேட்சுக்குள்ளேயே நேரத்தை நீட்டுகின்றன. இதை ஸ்கிப் செய்யவும் முடியாது. ஏனென்றால் நடுவில் எங்காவது ஒரு முக்கியமான பாயின்ட் ஒளிந்திருக்கும்.

ஸ்லாம் டங்க்கில் நடந்தது என்ன?

தகேஹிகோ இனோயே எழுதி வரைந்த மாங்கா 1990-ல் தொடங்கியது. டோய் அனிமேஷனின் டிவி தொடர் 1993 அக்டோபரில் வந்தது. கதைப்படி ஒரு மேட்ச் 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள், மொத்தம் 40 நிமிடம். நிஜ வேகத்தில் காட்டினால் இரண்டு எபிசோடில் முடிந்திருக்கும். ஆனால் ஷோஹோகு அணியின் பெரிய மேட்ச்கள் வாரக்கணக்கில் ஓடின.

அப்படி இழுத்தும் பலன் இல்லை. 1996 மார்ச்சில் 101 எபிசோடுகளோடு தொடர் நின்றபோது மாங்கா முடியவில்லை. ஷோஹோகு தேசியப் போட்டிக்குத் தகுதி பெறுகிறது. அதன்பின் மாங்காவில் இல்லாத ஒரு காட்சிப் போட்டியோடு கதை முடித்துவைக்கப்பட்டது. அதாவது, ஃபைனல் எபிசோடே ஃபில்லர்! மூன்றே மாதத்தில், ஜூனில், மாங்கா நிறைவடைந்தது. சன்னோ அணிக்கு எதிரான அந்தக் கடைசி மேட்சை ரசிகர்கள் திரையில் பார்க்க 2022 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இனோயேவே இயக்கிய 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' படத்தில்தான், 26 ஆண்டுகள் கழித்து, அது வந்தது. அதுவும் சுமார் இரண்டு மணி நேரத்தில்!

அப்போ இழுத்தாலே தப்பா?

இல்லை. அதே தொடரில் மிட்சுயி ரவுடிக் கும்பலோடு ஜிம்முக்குள் புகும் சண்டையும் பல எபிசோடு ஓடும். ஆனால் அதன் முடிவில், முழங்கால் காயத்தால் விளையாட்டைத் தொலைத்த ஒருவன், பயிற்சியாளர் அன்சாய் முன்னால் உடைந்து அழுகிறான். அதன்பின் அவன் மூச்சு வாங்க வீசும் ஒவ்வொரு மூன்று பாயின்ட் ஷாட்டும் நமக்கு வேறு மாதிரி தெரியும்.

வாலிபால் அனிமே 'ஹைக்யூ'வின் மூன்றாவது சீசனும் (2016) அப்படித்தான். கராசுனோ - ஷிராடோரிசாவா என்ற ஒரே மேட்சுக்கு 10 எபிசோடு. ஆனாலும் போர் அடிக்காது. காரணம், அது சீசன் சீசனாக வந்த தொடர். இடைவெளியில் மாங்கா போதுமான அளவு முன்னே போயிருந்தது. நேரத்தை நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு ஃபிளாஷ்பேக் முடிந்து மேட்சுக்குத் திரும்பும்போது, அந்த வீரரைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரிந்தால் அது கதை. ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொன்னால் அது ஜவ்வு. வித்தியாசம் அவ்வளவுதாங்க.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு டிப்ஸ்

ஸ்லாம் டங்க்கின் 101 எபிசோடுகளை முடித்துவிட்டு நேராகப் படத்துக்குப் போனால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். தேசியப் போட்டியின் முதல் ஆட்டமான டோயோடாமா மேட்ச் டிவி தொடரில் கிடையாது. படமும் அதைச் சொல்லாமல் நேராக சன்னோ மேட்சுக்குப் போய்விடும். அந்தப் பகுதியை மட்டும் மாங்காவில் படித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். கதை முழுசா கிடைக்கும்.