காத்திருப்போருக்காகக் கட்டிய ஃபின்ஸ்பரி மருத்துவ மையம்

லண்டனில் கிளர்க்கன்வெல் பகுதியின் பைன் தெருவில் உள்ள ஃபின்ஸ்பரி மருத்துவ மையம் 1938 அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்டது. உள்நோயாளிகளுக்கு அங்கே இடமில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்காகவே ஒரு நகராட்சி அதைக் கட்டியது. நோயாளி எந்த வழியாக உள்ளே வருவார், எங்கே உட்காருவார், அந்த இடத்தில் வெயிலும் காற்றும் இருக்குமா என்ற கேள்விகளிலிருந்துதான் அதன் வரைபடமே பிறந்தது. அதற்கு முந்தைய புறநோயாளி இடங்களைக் கட்டியவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை.

ஏழைகளுக்கான இலவச மருந்தகங்கள் லண்டனில் பதினெட்டாம் நூற்றாண்டில் பெருகின. ஜான் கோக்லி லெட்சம் என்ற மருத்துவர் முன்னின்று நடத்திய பொது மருந்தகம் ஆல்டர்ஸ்கேட் தெருவில் 1770-ல் தொடங்கியது. ஃபின்ஸ்பரிக்கென்று ஒரு மருந்தகம் 1780-ல் வந்தது. இவை நன்கொடையில் நடந்தன. ஆண்டுச் சந்தா கட்டியவருக்கு நோயாளிகளைப் பரிந்துரைக்கும் உரிமை உண்டு. காய்ச்சலோடு வருகிற ஒருவர் முதலில் சந்தாதாரர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கடிதம் வாங்கி வரவேண்டும். பெரிய தரும மருத்துவமனைகளிலும் இதே ஏற்பாடுதான். கடிதம் இல்லாமலே யாரும் வரலாம் என்று வில்லியம் மார்ஸ்டன் 1828-ல் தொடங்கிய மருத்துவமனைதான் பின்னாளில் ராயல் ஃப்ரீ என்று பெயர் பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரிய மருத்துவமனைகளின் புறநோயாளி கூடங்கள் நிரம்பி வழிந்தன. உயர்ந்த கூரை, வரிசை வரிசையாக முதுகு சாய்க்க வசதியில்லாத மர பெஞ்சுகள், ஒரு கோடியில் மருந்து கொடுக்கும் சாளரம் என்று இருந்தன அவை. பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து முன்னேறி மருத்துவரை அடைய அரை நாள் ஆகும். அவர் பார்ப்பது சில நிமிடம். கட்டணம் கட்ட வசதியுள்ளவர்கள் தருமத்தில் பங்கு கேட்கிறார்கள் என்ற சந்தேகம் நிர்வாகிகளை விடாமல் அரித்தது. அதை விசாரிப்பதற்காக 1895-ல் ராயல் ஃப்ரீ மருத்துவமனை மேரி ஸ்டூவர்ட் என்பவரை நியமித்தது. நோயாளியின் வருமானத்தையும் வீட்டு நிலையையும் கேட்டறிவது அவர் வேலை. அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தப் பதவியை மருத்துவச் சமூகப் பணியாக வளர்த்தெடுத்தது பெரிய சாதனை. ஆனாலும் தொடக்கத்தில் புறநோயாளி கூடம் என்பது தகுதியுள்ள ஏழையைத் தகுதியில்லாதவரிடமிருந்து பிரித்தெடுக்கும் இடமாகவும் இருந்தது. நீண்ட பெஞ்சு அந்த வேலைக்குப் பொருத்தமான சாமான்.

1911-ன் தேசியக் காப்பீட்டுச் சட்டம் தொழிலாளிக்கு ஒரு மருத்துவரைக் கொடுத்தது. அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கவில்லை. அந்தப் பொறுப்பு மெல்ல மெல்ல நகராட்சிகள் மேல் வந்து விழுந்தது. தாய்சேய் நலத்துக்கு 1918-ல் ஒரு சட்டம் வந்தது, காசநோய்க்கு 1921-ல் இன்னொன்று. இடம்தான் இல்லை. எடை பார்க்கும் நாளில் தாய்மார்கள் தேவாலயக் கூடத்துக்குப் போவார்கள். பல் பார்க்க ஒரு தெரு, நெஞ்சு பார்க்க இன்னொரு தெரு என்று அலைவார்கள். இவற்றையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று டாசன் பிரபு தலைமையிலான குழு 1920-ல் பரிந்துரைத்தது. அரசிடம் பணமும் இல்லை, அவசரமும் இல்லை. அறிக்கை கிடப்பில் போனது.

அறிக்கையைச் செயலாக்கும் துணிவு ஒரு சின்ன நகராட்சிக்கு வந்தது. ஃபின்ஸ்பரி லண்டனின் மிகச் சிறிய நகராட்சிகளில் ஒன்று, மிக நெருக்கமானவற்றிலும் ஒன்று. பாழடைந்த வாடகைக் குடியிருப்புகள், காசநோய், குழந்தைகளின் கணைநோய், மூட்டைப்பூச்சி எல்லாம் அங்கே அன்றாடச் சங்கதிகள். 1934-ல் நகராட்சி தொழிற்கட்சியின் கைக்கு வந்தது. தலைவர்களில் ஒருவரான ஹெரால்ட் ரைலியோடு சேர்ந்து இந்தத் திட்டத்தைச் சுமந்தவர் பொதுச் சுகாதாரக் குழுவின் தலைவர், டாக்டர் சுனி லால் கட்டியால். பஞ்சாபில் பிறந்து லாகூரில் மருத்துவம் படித்தவர். கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில் ஏழைத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்காக வந்திருந்த காந்தியும் சார்லி சாப்ளினும் சந்தித்துக்கொண்டது அவர் வீட்டில்தான். பெஞ்சில் காத்திருப்பவர்களின் பாடு என்ன என்பது அவருக்குத் தொழிலிலேயே தெரியும்.

பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கண்காட்சி ஒன்றில் கட்டியால் ஒரு காசநோய் மருந்தகத்தின் மாதிரித் திட்டத்தைப் பார்த்திருந்தார். அதை வரைந்தவர்கள் டெக்டன் என்ற இளம் கட்டடக் கலைஞர் குழு. அதன் தலைவர் பெர்த்தோல்ட் லூபெட்கின் ஜார்ஜியாவின் திபிலிசியில் பிறந்தவர், ரஷ்யப் புரட்சியை இளைஞனாக நேரில் கண்டவர், 1931-ல் லண்டனுக்கு வந்தவர். அதுவரை டெக்டனுக்குப் பெயர் வாங்கித் தந்தவை லண்டன் உயிரியல் பூங்காவின் கொரில்லாக் கூடமும் பெங்குவின் குளமும், ஹைகேட்டில் கட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புமே. விலங்குக்கும் வசதியுள்ளவருக்கும் கிடைத்த கவனம் கிளர்க்கன்வெல் தொழிலாளிக்கும் கிடைக்க ஃபின்ஸ்பரி வழி திறந்தது. சாதாரண மக்களுக்குக் கட்டுவது இரண்டாந்தரமாக இருக்கலாம் என்பதை லூபெட்கின் வாழ்நாள் முழுதும் ஏற்றதில்லை.

கட்டடத்தின் தரைப்படம் ஹெச் எழுத்தைப் போன்றது. நடுவில் பொதுக்கூடம், அதன் மேல் சொற்பொழிவு அரங்கம், அதற்கும் மேல் மொட்டைமாடி. இருபுறமும் மருத்துவ அறைகள் கொண்ட இரண்டு நீண்ட சிறகுகள், தெருவைப் பார்த்துச் சற்றே விரிந்தபடி நிற்கின்றன. வருகிறவரை இரு கைகளையும் நீட்டி வரவேற்கும் தோற்றம் அது. சிறகுகள் விரிந்திருப்பதால் இருபுற அறைகளுக்கும் வெயில் கிடைக்கிறது. இருண்ட சந்துகளிலிருந்து வரும் காசநோயாளிக்கு அந்நாளில் வெயிலும் காற்றுமே பெரிய மருந்து. உயிரெதிரி மருந்துகள் வர இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. எனவே சன்னலின் அகலம் அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

நுழைவிடத்தில்தான் இந்தக் கட்டடத்தின் உயிர் இருக்கிறது. தெருவிலிருந்து ஒரு சிறு சாய்பாதை ஏறி வருகிறவர், வளைந்த கண்ணாடிக்கல் சுவரை எதிர்கொள்கிறார். கதவைத் தாண்டினால், அந்தச் சுவர் முழுவதிலும் வடிகட்டப்பட்ட ஒளி பரவிய கூடம். வெளியே போகிறவர்கள் உள்ளே இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாது. உள்ளே இருப்பவருக்கோ பகல் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. காசநோய் என்றால் அக்கம்பக்கம் ஒதுங்கிய காலத்தில் இது சின்ன விஷயமல்ல. உள்ளே பெஞ்சு வரிசை கிடையாது. நாற்காலிகளும் சிறு மேசைகளும் ஒரு சங்கத்தின் அமர்விடம் போல அங்கங்கே போடப்பட்டன. தெரிந்தவரோடு சேர்ந்து உட்காரலாம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தனியாகவும் உட்காரலாம். நோய் இல்லாதவரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் இடமாக அது இருக்கவேண்டும் என்று விரும்பினார்கள். சுவர்களில் கோர்டன் கல்லன் வரைந்த ஓவியங்கள், வெளிக்காற்றில் நிறைய இருக்கச் சொல்லி வந்தவர்களோடு பேசின. வரிசையைக் குலைத்ததால் நோயாளிகளை அழைத்து அனுப்பும் ஊழியர்களுக்கு வேலை கூடியிருக்கும். ஆனால் காத்திருப்பவரைக் கைதியைப் போல நடத்தாத புறநோயாளி கூடத்துக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி அந்தக் காலத்தில் இல்லை.

காசநோய், பல், பாதம், தாய்சேய் நலம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் அமைந்தது. கிருமிநீக்கம், பேன் ஒழிப்பு, பிணவறை ஆகியவை பொதுக்கூடத்தின் கண்ணில் படாமல் தாழ்தளத்துக்குப் போயின. பூச்சி மருந்து அடிப்பதற்காக வீட்டைக் காலி செய்த குடும்பங்கள் தற்காலிகமாகத் தங்கவும் கட்டடத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். இந்த ஒரு ஏற்பாடு போதும், திட்டமிட்டவர்கள் எவ்வளவு தூரம் யோசித்தார்கள் என்று காட்ட.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிறப்பும் உண்டு. சிறகுகளில் அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் பாரம் தாங்குவதில்லை. வேண்டும்போது எடுத்து மாற்றலாம். குழாய்களும் கம்பிகளும் வெளிச்சுவரை ஒட்டிய கால்வாய்களில் ஓடுவதால், மூடியைத் திறந்து பழுது பார்க்கலாம், புதிதாக இழுக்கலாம். மருத்துவம் மாறும், அதோடு அறையும் மாற வேண்டியிருக்கும் என்று டெக்டன் கணித்தது சரியாயிற்று. காசநோயும் பேன் ஒழிப்பும் பின்னுக்குப் போன பிறகு அந்த அறைகள் வேறு சிகிச்சைகளுக்குப் பயன்பட்டன.

மன்னரின் மருத்துவரான ஹோர்டர் பிரபு மையத்தைத் திறந்து வைத்தார். அதே ஆண்டில் கட்டியால் ஃபின்ஸ்பரியின் மேயரானார். பிரிட்டனில் தெற்காசியர் ஒருவர் மேயரானது அதுவே முதல்முறை. போர் வந்ததும் கட்டடம் ஓர் அடையாளமாகவே மாறியது. படைவீரர்களுக்காக ஏப்ரம் கேம்ஸ் வரைந்த சுவரொட்டியில், இடிந்த சுவர்களுக்கிடையே கணைநோயால் மெலிந்த சிறுவன் நிற்க, அவனுக்கு முன்னால் ஃபின்ஸ்பரி மையம் பளிச்சென்று எழுகிறது. பிரிட்டனை இப்படிக் காட்டுவதா என்று சர்ச்சில் சினந்தார். சுவரொட்டி திரும்பப் பெறப்பட்டது. கிளர்க்கன்வெல்லில் அந்தச் சிறுவனைப் போன்ற குழந்தைகள் உண்மையிலேயே இருந்தார்கள்.

1948 ஜூலையில் தேசிய சுகாதார சேவை வந்தது. உள்ளாட்சிகள் இத்தகைய மையங்களைக் கட்ட வேண்டும் என்று 1946-ன் சட்டமே சொன்னது. கட்டியவை கைவிரல்விட்டு எண்ணும் அளவுதான். சிமெண்டும் பணமும் வீடுகளுக்கே போதவில்லை. தனி மருத்துவர்களும் நகராட்சி ஊழியர்களாகிவிடுவோமோ என்று அஞ்சி ஒத்துழைக்கவில்லை. மருத்துவ மையங்கள் நாடெங்கும் பெருகியது 1960-களின் பிற்பகுதியில்தான்.

கட்டியால் 1948-ல் இந்தியா திரும்பி, புதிதாக அமைந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநரானார். அவர் பதவியில் இருக்கும்போதே, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழகத்துக்கு அது 1955-ல் கோயம்புத்தூர் வழியாக வந்தது. ஆலைத் தொழிலாளிகள் இன்றும் இ.எஸ்.ஐ. என்று சொல்லும் மருந்தகங்களின் நிர்வாகத்துக்கு அடித்தளமிட்டவர்களில் ஃபின்ஸ்பரியின் மேயரும் ஒருவர்.

பைன் தெருக் கட்டடத்தின் பிற்காலம் அவ்வளவு நன்றாக அமையவில்லை. முகப்பு ஓடுகளும் கான்கிரீட்டும் ஆண்டுகளில் கெட்டன. இங்கிலாந்தின் மிக உயர்ந்த பாதுகாப்பான முதல் தரப் பட்டியலில் சேர்ந்தும் பராமரிப்புக்குப் பணம் வரவில்லை. 1990-களில் ஒரு பகுதி மட்டும் பழைய நிறங்களோடு சீராக்கப்பட்டது. 2008-ஐ ஒட்டி, பழுது பார்ப்பது செலவு அதிகம், சேவைகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு விற்றுவிடலாம் என்று உள்ளூர் சுகாதார நிர்வாகம் முடிவெடுத்தபோது குடியிருப்போரும் மருத்துவர்களும் கட்டடக் கலைஞர்களும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். விற்பனை நடக்கவில்லை, மையம் தொடர்ந்து புறநோயாளிகளைப் பார்த்துவருகிறது.